'போல' வந்தால் உவமையா?

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரிடமும் உவமைத்தொடர் இரண்டு கேட்டுப் பாருங்கள். பசுமரத்தாணி போல, இலைமறை காய் போல என்று தயங்காமல் வரும். தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளுக்கும் மொழியணிக்கும் தனி இடம் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் கைவிடப்பட்ட பிறகும் அந்த இடம் பறிபோகவில்லை. அது நல்லதுதான். பினாங்கின் கெலுகோர் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கீழே விளையாட்டுத் திடலில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். அந்தப் பிள்ளையின் வாயில் உடையாத ஒரு முழுத் தமிழ்த்தொடர் வருகிறதென்றால், அதற்கு இந்த மனனப் பயிற்சிக்கும் பங்குண்டு.

பயிற்சியின் இன்னொரு நன்மையை நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஒரு சூழலைக் கொடுத்து அதற்கேற்ற உவமைத்தொடரை எழுதச் சொல்கிறோம். இரு நண்பர்களுக்கு 'நகமும் சதையும் போல' என்று எழுதும் மாணவர், பிரித்தால் வலிக்கும் என்கிற பொதுத்தன்மையைத் தொட்டுவிடுகிறார். உவமைக்கு அடிப்படையாகத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொன்னார். அந்த வழியில் பிள்ளை வைக்கும் முதல் அடி இது.

குறை, பட்டியலோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. கெலுகோரில் வந்து இறங்கும் பினாங்குப் பாலத்தின் மாலை நெரிசலை அன்றாடம் பார்க்கும் மாணவர், எறும்பு வரிசையைப் பாலத்து வண்டிகளோடு ஒப்பிட்டு எழுதினால் அதற்கும் மதிப்பெண் வேண்டும். பட்டியலில் இல்லை என்பதற்காக அதை ஒதுக்குவது, கண்ணைப் பழக்கிவிட்டுப் பார்க்காதே என்று சொல்வதாகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இடைநிலைப்பள்ளியில், கவிதை நயம் எழுதும்போது வருகிறது. 'போல' வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். நினைவில் நிற்கும், விரைவாகத் திருத்தலாம். ஆனால் தமிழுக்கு இது பொருந்தாது. 'மலர்முகம்' என்பதில் 'போல' இல்லை. இருந்தும் அது உவமைத்தொகை, மலர் போன்ற முகம். 'முகமலர்' என்று புரட்டிப் போட்டால்தான் முகமாகிய மலர் என்று உருவகமாகிறது. சூத்திரத்தை மட்டும் நம்பியவர் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடுவார்.

சொல் வரிசையைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டு: வினைச்சொல். மலர்முகம் சிரித்தது என்கிறோம். சிரிப்பது முகத்தின் வேலை. முகமலர் இதழ் விரித்தது என்கிறோம். இதழ் விரிப்பது மலரின் வேலை. உவமையில் முகம் முகமாகவே நிற்கிறது, மலர் அதற்குத் துணை வருகிறது. உருவகத்தில் மலரே வாக்கியத்தை நடத்திச் செல்கிறது. 'காளை வந்தான்' என்பதையும் பாருங்கள். 'போல' இல்லை, ஆளின் பெயரும் இல்லை. ஆனால் வினை 'வந்தது' என்று முடியாமல் 'வந்தான்' என்று மனிதன் பக்கம் சாய்கிறது. இலக்கணம் இதை உவமையாகுபெயர் என்கிறது. மாணவர் வினையைக் கவனிக்கப் பழகிவிட்டால் இந்த மூன்றையும் தாமே பிரித்தறிவார்.

இந்த எல்லைக்கோடு என்றைக்கும் ஒரே இடத்தில் இருந்ததில்லை என்பதையும் வகுப்பில் சொல்லலாம். தொல்காப்பியர் உவமைக்கு ஓர் இயலையே ஒதுக்கினார். உருவகத்தைத் தனியே பிரிக்கவில்லை. வடமொழித் தண்டியின் நூலைத் தழுவி 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரம் இரண்டையும் தனித்தனி அணிகளாக வகுத்தது. வேற்றுமை மறைந்த உவமையே உருவகம் என்பது அந்த மரபின் பார்வை. அரிஸ்டாட்டில் எதிர்த்திசையிலிருந்து வந்தார். அவருக்கு உவமையும் ஒருவகை உருவகமே, வேறுபாடு சிறிது. எது தாய், எது சேய் என்பதில் இவர்களுக்குள்ளேயே இவ்வளவு இழுபறி இருக்க, ஒற்றை உருபை அளவுகோலாக்கி மாணவர்மேல் திணிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கெலுகோரில் சுப்பிரமணிய பாரதியின் பெயரில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அவருடைய 'அக்கினிக் குஞ்சு' மிகச் சிறிய கவிதை. காட்டு மரப்பொந்தில் வைத்த சிறு நெருப்பு காட்டையே எரிக்கிறது. வினைகள் நெருப்பைச் சுற்றியே நடக்கின்றன. எதை நெருப்பென்று சொன்னார் என்பது கவிதையில் இல்லை. விடுதலை வேட்கை என்பார் சிலர், அறிவு என்பார் சிலர். சொல்ல வந்ததை மறைத்து ஒப்பை மட்டும் பேசும் இந்த வகைக்குப் பிறிதுமொழிதல் என்று நம் அணி நூல்கள் தனிப்பெயர் தருகின்றன. 'போல' சூத்திரத்தோடு இதற்குள் நுழையும் மாணவர் உருவகம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார். நெருப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்க அவருக்குத் தேவையே இராது.

உவமைத்தொடர்ப் பட்டியலைக் கைவிட வேண்டாம். படிவம் நான்கின் வினாத்தாளில் ஒரு வினாவை மாற்றினால் போதும்: அணியின் பெயரைக் கேட்கும் இடத்தில், இவ்வரியின் வினைச்சொல் எந்தப் பொருளுக்குரியது, ஏன் என்று கேட்கலாம்.