ஒரு ராடு எவ்வளவு தூரம் ஓடியது?

கட்டுமான எஃகில் வெல்டிங் சூட்டுக்கு இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார்கள். சூடு போதாவிட்டால் தடித்த தகடு வெல்டைச் சட்டென்று குளிரவைத்துவிடும். ஓரம் கடினமாகி, உள்ளே சிக்கிய ஹைட்ரஜன் ஒரு நாள் கழித்துக்கூட விரிசலைக் கிளப்பும். சூடு மிஞ்சினாலோ படிக மணிகள் பருத்து, அதிர்ச்சியைத் தாங்கும் வலு குறையும்.

1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் கட்டடங்களில், உத்தரமும் தூணும் சேரும் இணைப்புகள் விரிசல் விட்டன. அதிர்ச்சி வலுவுக்கு உறுதி தராத ஃபில்லர் கம்பி முக்கியக் காரணங்களில் ஒன்று. அதன்பின் வந்த அமெரிக்க நிலநடுக்க வெல்டிங் விதி, கம்பியை வெல்டின் மி.மீ.க்குச் சுமார் 1.2, 3.1 கிலோஜூல் சூடு என இரண்டு எல்லையிலும் சோதிக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. 25 வோல்ட், 160 ஆம்பியர், நிமிடத்துக்கு 120 மி.மீ. வேகம் என்றால் அமெரிக்கக் கணக்கில் 2 கிலோஜூல். ஐரோப்பிய விதி கைராடு வெல்டிங்குக்கு 0.8-ஆல் பெருக்கும், அதே பாஸ் (வெல்டின் ஒரு ஓட்டம்) அங்கே 1.6. எந்தக் கணக்கு என்று எழுதாத வரைபடக் குறிப்பு சண்டைக்குத்தான் உதவும். தகடு 10 மி.மீ.யா 40 மி.மீ.யா என்பதும் இந்த எண்ணுக்குத் தெரியாது. 800 டிகிரியிலிருந்து 500-க்கு இறங்கும் நேரமோ அதைப் பொறுத்தே மாறும்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் மீட்டர் காட்டும். வேகம் வெல்டரின் கையில். பள்ளத்தைச் சீக்கிரம் நிரப்ப அகலமாக ஆட்டி வைத்தால் வேகம் 80-க்கு இறங்கும், சூடு 3-க்கு ஏறும். பதிவேட்டில் 2 என்றே இருக்கும்.

இதற்கு ஸ்டாப்வாட்சைவிட டேப்பை நம்பலாம். ராடு எரிய ஒன்றரை நிமிடம் ஆகிறதென்றால் 180 மி.மீ. ஓடியிருக்க வேண்டும், 120-லேயே தீர்ந்திருந்தால் தகட்டில் முன்பே போட்ட சாக்பீஸ் கோடே காட்டிக்கொடுக்கும். கம்பி தானாக ஓடும் மெஷினில் இந்த வழி செல்லாது என்பது உண்மைதான்.

பாஸ்களுக்கு இடையிலான வெப்பம்தான் அளக்க எளிது: மூட்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி டெம்பரேச்சர் சாக்கைத் தேய்த்தால் போதும். ஆனாலும் இதன் உச்ச வரம்பு அடிக்கடி மீறப்படுகிறது. குட்டை மூட்டில் ஒரு பாஸ் முடிவதற்குள் அடுத்ததற்கு இடம் கொதித்துக்கொண்டிருக்கும். ஆறவிட வேண்டும். டன் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்தப் பத்து நிமிடத்தை யார் கட்டிக்கொடுப்பது என்று எந்த வெல்டிங் விதியிலும் இல்லை.