பேரங்காடிகளும் நடைப்பிணங்களும்

ஐக்கிய அமெரிக்காவின் புறநகர்களிலே 'மோல்' என வழங்கும் பேரங்காடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருவதை யாவரும் அறிவர். அடுத்து வீழப்போவது எது என்னும் வினாவும் அங்கே இடைவிடாது எழுந்தவண்ணம் இருக்கின்றது. தம் பணத்தை எங்கிருந்து மீட்பது என்று அறிய முதலீட்டாளர் இதனைக் கேட்கின்றனர். பாழடைந்த மண்டபங்களின் தனிமையைப் படம்பிடிக்கப் புகைப்படக் கலைஞர் கேட்கின்றனர். அம்மண்டபங்களிலே பொருள் விற்றவரும் தரை துடைத்தவரும் இவ்வினாவை எவ்வாறு கேட்பர் என்பதைப் பற்றிக் கலையுலகம் பெரிதும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. இக்குறையின் வேரை அறிய, பேரங்காடியைக் களமாகக் கொண்ட படைப்புகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றை நாம் மீண்டும் நோக்குதல் வேண்டும். ஜோர்ஜ் றொமேரோ நெறிப்படுத்தி 1978 இல் வெளிவந்த 'டோன் ஒஃப் த டெட்' என்னும் திரைப்படமே அது.

பென்சில்வேனியா மாநிலத்தின் பிற்ஸ்பேர்க் நகருக்குக் கிழக்கேயுள்ள மொன்றோவில் பேரங்காடியிலே, கடைகள் மூடிய பின் இரவுகளில் இப்படம் எடுக்கப்பட்டது. அப்பேரங்காடி 1969 இல் திறக்கப்பட்டது. கதை எளிமையானது. இறந்தோர் எழுந்து நடந்து, உயிருள்ளோரைத் தின்கின்றனர். பொலிஸார் இருவரும், தொலைக்காட்சி நிலையத்துப் பெண் ஒருத்தியும், ஹெலிகொப்டர் ஓட்டி ஒருவனும் தப்பியோடி, ஆளற்ற பேரங்காடி ஒன்றிலே அடைக்கலம் புகுகின்றனர். நடைப்பிணங்கள் அங்கும் திரண்டு வருகின்றன. உயிரோடிருந்த காலத்து நினைவு அவற்றை அவ்விடத்துக்கு இழுத்து வருகின்றது என்று பாத்திரமொன்று விளக்கம் கூறுகின்றது. நால்வரும் பிணங்களை அகற்றிப் பேரங்காடியைத் தமதாக்கிக் கொள்கின்றனர். விரும்பிய யாவும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. எனினும் நாளடைவில் அவர்தம் வாழ்வு சலித்துப்போகின்றது. இறுதியில் மோட்டார் சைக்கிளில் வந்த கொள்ளைக் கூட்டமொன்று கதவுகளை உடைத்து நுழையும்போது, ஹெலிகொப்டர் ஓட்டி தான் விலை கொடாத பொருள்களைத் தன்னுடைமை என்று கருதிச் சுடத் தொடங்குகின்றான். அந்த உடைமை வெறியாலேயே அவன் மாண்டு, தானும் நடைப்பிணம் ஆகின்றான்.

இப்படத்தின் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. தொடக்கத்திலேயே, வறிய கறுப்பின மக்களும் புவேர்ட்டோ றிக்கோ மக்களும் வாழும் தொடர்மாடி ஒன்றினுள் பொலிஸார் புகுந்து நடத்தும் அட்டூழியத்தை றொமேரோ காட்டுகின்றார். உடைமை மனிதனை எவ்வாறு மனிதத்தன்மையினின்றும் பிரிக்கின்றது என்பதை அவரளவு கூர்மையாக உணர்த்திய வெகுசனப் படங்கள் சிலவே. ஆயினும் அவருடைய கண்டனம் யாரை நோக்கியது? கடைக்கு வந்து செல்லும் மக்களையே அது நோக்கியது. பிணங்களாகச் சித்திரிக்கப்படுவோர் அவர்களே. கட்டியவனும் கடன் கொடுத்தவனும் வாடகை வாங்கியவனும் திரையில் இல்லை. பொருள்கள் அடுக்கடுக்காய் உள்ளன. அவற்றை அடுக்கிய கைகள் இல்லை. நோய் நுகர்வோனின் மனத்தில் உள்ளது என்று படம் கருதுகின்றது. எனவே அது அறக்கண்டனமாக நின்றுவிடுகின்றதேயன்றிச் சமுதாய விமர்சனமாக வளரவில்லை.

இவ்விடத்தில் எமில் சோலாவை நினைவுகூர்தல் பொருத்தமானது. 1883 இல் வெளிவந்த தமது 'ஓ பொனர் தே தாம்' என்னும் நாவலிலே அவர் பாரிஸ் நகரின் பெருங்கடை ஒன்றை வருணித்தார். ஊரிலிருந்து தம்பியர் இருவரோடு பிழைப்புத் தேடி வரும் டெனிஸ் என்னும் பெண்ணின் கண் வழியாக அக்கடையை நாம் காண்கின்றோம். விற்பனைப் பெண்கள் உறங்கும் கூரையடி அறைகள், வியாபாரம் மந்தமான கோடையிலே ஆட்கள் கூட்டமாக வெளியேற்றப்படுதல், எதிரேயுள்ள சிறு துணிக்கடைகள் நசிந்து அழிதல் ஆகிய யாவும் அங்கே உள்ளன. தொழிலாளப் பெண் முதலாளியை மணப்பதோடு கதையை முடித்தமையும், சிறுவணிகரின் அழிவை இயற்கை நியதிபோல ஏற்றமையும் சோலாவின் குறைபாடுகள். இயற்பண்புவாதத்தின் எல்லை அது. ஆயினும் கடை என்பது மனித உழைப்பினால் இயங்குவது என்பதை அவர் மறக்கவில்லை. அவருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின் வந்த றொமேரோ அதனை மறந்துவிட்டார்.

அம்மறதி எத்துணைப் பெரிது என்பதைப் படம் எடுக்கப்பட்ட மண்ணே கூறும். பிற்ஸ்பேர்க்கைச் சூழ்ந்த மொனொங்கஹீலா ஆற்றுப் பள்ளத்தாக்கு உருக்காலைகளின் நாடு. அங்குள்ள ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892 இல் தொழிலாளருக்கும் முதலாளி அனுப்பிய கூலிப்படைக்கும் நடந்த மோதல் தொழிற்சங்க வரலாற்றில் அழியா இடம் பெற்றது. அருகிலுள்ள வெஸ்ட் மிஃப்லின் என்னும் ஊரில் அவ்வாலைகளின் கசடு பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு மலைபோல் குவிந்தது. இரவில் நெருப்பாறாய் வழிந்த அக்கசடைக் காண மக்கள் வந்து கூடுவராம். அக்கசட்டு மேட்டின் மீதே 1979 இல் 'செஞ்சுரி த்ரீ' என்னும் மாபெரும் பேரங்காடி திறக்கப்பட்டது. அமெரிக்கா தனது மூன்றாம் நூற்றாண்டில் அடியெடுத்து வைப்பதைக் குறிக்க இட்ட பெயர் அது.

அந்நூற்றாண்டின் ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்த அளவிலேயே ஹோம்ஸ்டெட் ஆலை மூடப்பட்டது. ஆண்டு 1986. ஆலை நின்ற நிலத்தில் 1999 இல் கடைகளும் திரையரங்கும் கொண்ட வணிக வளாகம் ஒன்று எழுந்தது. பழைய ஆலையின் செங்கற் புகைபோக்கிகள் பன்னிரண்டு மட்டும் நினைவுச் சின்னங்களாய் எஞ்சின. செஞ்சுரி த்ரீயின் மண்டபம் 2019 இல் மூடப்பட்டது. 2024 இல் அதனை இடிக்கத் தொடங்கினர். மொன்றோவில் பேரங்காடியை 2025 இல் வோல்மார்ட் கொம்பனி 34 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இருப்பதை அகற்றி அந்நிலத்தை வேறுவிதமாக அமைப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. றொமேரோவின் கற்பனையில் மக்கள் மாண்டனர், பேரங்காடி நிலைத்தது. நடைமுறையிலோ மக்கள் உயிரோடு நிற்கின்றனர், பேரங்காடி மாண்டுவிட்டது.

இதற்குக் காரணம் யாது? வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாகப் பொருள் வாங்கும் பழக்கம் என்பதே பொதுவாகத் தரப்படும் விடை. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பிற்ஸ்பேர்க்கின் வடக்கே, வசதி படைத்தோர் வாழும் பகுதியில், ஹோம்ஸ்டெட் ஆலை மூடப்பட்ட அதே 1986 இல் திறக்கப்பட்ட றொஸ் பார்க் பேரங்காடி இன்றும் செழிப்போடு நடைபெறுகின்றது. இணையம் இரு பகுதிக்கும் பொதுவானது, ஊதியம் பொதுவானதன்று.

மேலும், இப்பேரங்காடிகள் மக்கள் தேவையால் மட்டும் முளைத்தவையல்ல. கட்டடத்தின் தேய்மானத்தை முதற்சில ஆண்டுகளிலேயே பெருந்தொகையாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள 1954 ஆம் ஆண்டின் வரிச்சட்டம் இடமளித்தது. 1956 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் அரசின் பணத்தில் பெருந்தெருக்களை அமைத்தது. இலாபம் விற்பனையில் வருமுன் வரிச்சலுகையிலேயே வந்தது. ஆகவே ஊருக்கு ஒன்று போதுமான இடத்தில் இரண்டும் மூன்றும் எழுந்தன.

முழுவதும் கூரையிட்டு, வெப்பமும் குளிரும் கட்டுப்படுத்தப்பட்ட முதலாவது புறநகர்ப் பேரங்காடியை 1956 இல் மினசோற்றா மாநிலத்தின் ஈடைனா என்னுமிடத்தில் அமைத்தவர் விக்டர் குரூவன். நாசிகள் 1938 இல் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது வியன்னாவிலிருந்து தப்பிவந்த யூதர் அவர். சமதர்மக் கொள்கையில் ஈடுபாடு உடையவர். வீடுகளும் பாடசாலைகளும் மருத்துவ நிலையங்களும் சூழ்ந்த ஊர்ச் சதுக்கமாகத் தம் படைப்பு வளரும் என்று அவர் கனவு கண்டார். வளர்ந்ததோ வாகனத் தரிப்பிடங்களின் நடுவே ஒரு கடைப்பெட்டி. 1978 இல், றொமேரோவின் படம் வெளிவந்த அதே ஆண்டில், இவை தம் பிள்ளைகள் அல்ல என்று குரூவன் வெளிப்படையாகக் கைகழுவினார். நல்ல எண்ணம் நில முதலாளியின் கணக்கேட்டை மாற்றாது என்பதே அவருடைய வாழ்க்கை நமக்குத் தரும் பாடம்.

சதுக்கம் என்றால் அங்கே பேசவும் உரிமை வேண்டும். பென்சில்வேனியாவின் அல்ற்றூனா நகருக்கு அருகே வணிக வளாகம் ஒன்றினுள் தொழிற்சங்கத்தினர் நடத்திய மறியலை 1968 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1972 இல், போர் எதிர்ப்புத் துண்டுப்பிரசுரம் வழங்கியோர் வழக்கில் அந்நிலைப்பாடு தளர்ந்தது. 1976 இல், தனியார் பேரங்காடியினுள் மறியல் செய்ய அரசியலமைப்பு உரிமை தராது என்ற தீர்ப்பு வந்தது. இரண்டாண்டுகளின் பின் வந்த படத்திலே நடைப்பிணங்கள் பேசாது உலவுகின்றன. அவற்றை ஊமையாக்கியது ஆசை மட்டுந்தானா என்று றொமேரோ கேட்டிருக்கலாம்.

இனி, அடுத்து வீழ்வது எது என்னும் வினாவுக்கு வருவோம். இதற்குச் சோதிடம் தேவையில்லை. ஒவ்வொரு பேரங்காடிக்கும் 'நங்கூரம்' எனப்படும் பெருங்கடைகள் சில உண்டு. அவை மூடப்பட்டால் வாடகையைக் குறைக்கவோ வெளியேறவோ சிறுகடைகளுக்கு ஒப்பந்தம் பெரும்பாலும் இடந்தருகின்றது. வாடகை குறையக் கடன் தவணை தவறும், தவணை தவறப் பழுதுபார்த்தல் நிற்கும், கூரை ஒழுகும், வருவோர் குறைவர். நங்கூரங்களும் தாமாக அறுந்தவையல்ல. பல தலைமுறைகளாக அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொருள் வழங்கிய சியர்ஸ் கொம்பனி, நிதி முதலாளி ஒருவரின் கைக்கு வந்தபின், 2015 இல் இருநூறுக்கு மேற்பட்ட கடைகளை நிலக் கொம்பனி ஒன்றுக்கு விற்று, தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியேறியது. 2018 ஒக்டோபரில் அது முறிவடைந்தது. ஆகவே, நங்கூரம் அறுந்து, கடன் முதிர்ந்து, சூழ வாழ்வோரின் ஊதியம் தேய்ந்த இடத்திலுள்ளதே அடுத்து வீழும்.

வீழ்ச்சியின் சுமையைத் தாங்குவோர் யாவர்? அந்நாட்டில் பொதுப் பாடசாலைகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்துவரியை நம்பி நடப்பவை. பேரங்காடியின் மதிப்பு சரிந்ததும் உரிமையாளன் வரியைக் குறைக்கக் கோருகின்றான். அக்குறையை ஒன்றில் வீட்டுடைமையாளர் நிரப்ப வேண்டும், அன்றேல் வகுப்பறை இழக்க வேண்டும். ஆசிரியரும் மாணவரும் இதனை வெறும் வணிகச் செய்தியாக வாசித்தல் இயலாது.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டதும் அதே 1978 இலேயாம். அங்கே தைத்த ஆடைகளுக்கு அமெரிக்கா பெருஞ்சந்தையாயிற்று. 2020 இல் பெருந்தொற்றினால் அங்குள்ள கடைகள் மூடப்பட்டபோது கட்டளைகள் நிறுத்தப்பட்டன. வலயத்துப் பெண்கள் பலர் வேலையிழந்தனர். பிற்ஸ்பேர்க் விற்பனைப் பெண்ணும் நம் நாட்டுத் தையற்பெண்ணும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஒரே சட்டையின் இரு முனைகளை அவர்கள் பற்றி நின்றனர். றொமேரோவின் படத்தில் இருவருமே இல்லை.

ஓஹையோ மாநிலத்தில் 1976 இல் திறக்கப்பட்ட றண்டல் பார்க் பேரங்காடி இடிக்கப்பட்டு, அந்நிலத்தில் 2018 இல் அமேசான் கொம்பனியின் களஞ்சியம் இயங்கத் தொடங்கியது. ஆலைக்குப் பின் அங்காடி, அங்காடிக்குப் பின் களஞ்சியம். முதல் இடம் பெயர்கின்றது, உழைப்போர் அதன் பின்னே அலைகின்றனர். எனினும் அவர்கள் நடைப்பிணங்கள் அல்லர். 2022 ஏப்ரலில் நியூயோர்க்கின் ஸ்டேற்றன் தீவிலுள்ள அமேசான் களஞ்சியத் தொழிலாளர் வாக்களித்துத் தமக்கெனச் சங்கம் தெரிந்தனர்.

பாழ்மண்டபத்தின் படத்தை நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம். கடைசி நாள் மாலையில் கடைக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் பேருந்துக்குக் காத்துநிற்கும் பெண்ணின் கதையை எழுதுவோனே இப்பொருளின் யதார்த்தவாதி. அவ்வெழுத்தாளன் தோன்றும்வரை, வீழ்ந்தது கட்டடம் மட்டுமே என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்கும்.