வலைப்பூ எழுத்தும் வருவாயும்: தாம்பரம் கணியம் அறக்கட்டளையின் மின்னூல்களை முன்வைத்து

முன்னுரை

வலைப்பூவில் எழுதுவோர்க்கு வருவாய் தரும் வாயில்கள் தமிழில் காலந்தாழ்ந்தே திறந்தன. அமேசான் கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களை ஏற்றது; கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை 2018இல் தமிழ்த் தளங்களுக்கு வந்தது. இவற்றுக்கு முன்பே, 2013இல், வலைப்பதிவுகளை ஆசிரியரின் இசைவோடு மின்னூலாக்கி விலையின்றி வழங்கும் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் திட்டம் தொடங்கியது. கணியம் அறக்கட்டளை நடத்திவரும் இத்திட்டத்தில் எழுத்தாளரின் ஊதியம் எங்கே நிற்கிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

உரிமமும் ஊதியமும்

இம்மின்னூல்களின் இறுதிப் பக்கங்களில் நன்கொடை வேண்டுகோள் இடம்பெறுகிறது. அதிலுள்ள வங்கிக் கணக்கு மேற்குத் தாம்பரம் கிளையைச் சேர்ந்தது. வாசகர் தரும் தொகை அறக்கட்டளையின் பொதுப் பணிகளுக்குச் செல்கிறது. இது வெளிப்படையாகவே அறிவிக்கப்படுவதால் குறையாகாது. எனினும், எழுதியவரின் உழைப்பு அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

இலவசமாக வழங்குவது வருவாயைத் துறப்பது அன்று. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் பதிப்புரிமை ஆசிரியரிடமே உள்ளது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகையைத் தேர்ந்தால் அச்சிட்டு விற்கும் உரிமையை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். தடுக்காத வகையில் எவரும் விற்கலாம். ஆனால், படிக்கப்பட்ட பக்கங்களுக்கேற்பப் பணம் தரும் கிண்டில் அன்லிமிடெட் முறைக்குள் நுழைய, 90 நாள்களுக்கு அந்நூலின் மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமோ திரும்பப் பெற இயலாதது. எனவே, பொதுவெளிக்கு ஒருமுறை வந்த நூலுக்கு அவ்வாயில் அடைபடுகிறது. உரிமத்தைத் தேரும் கணமே வருவாயைத் தீர்மானிக்கும் கணமாகிறது.

மதிப்பீடு

பக்கக் கணக்கில் அமையும் ஊதியம் நீண்ட தொடர்கதைக்கே சாதகமானது. ஏரி, தெரு, தொழில் பற்றிய புறநகர்க் குறிப்புகள் போன்ற சிற்றுரைநடைக்கு அதில் கிடைப்பது சொற்பம். அத்தகைய எழுத்து வலைப்பூவோடு மறையாமல் காப்பதே இலவச மின்னூலின் தனிச்சிறப்பு. ஆயினும், காக்கப்படுவது எழுத்து மட்டுமே. அடுத்த நூலை எழுதுவதற்கான பொருளாதரவு ஆசிரியருக்கு அதனால் உறுதியாவதில்லை.

முடிவுரை

கிண்டில் அன்லிமிடெட் முறை ஊதியத்திற்கு ஈடாகத் தனியுரிமை கேட்கிறது. பொதுவுரிமத் திட்டம் பரவலைத் தந்து ஊதியத்தை ஆசிரியரிடமே விட்டுவிடுகிறது. நன்கொடைப் பக்கத்தில் அறக்கட்டளையின் கணக்கோடு ஆசிரியருக்கு நேரடியாக உதவும் வழியும் இடம்பெறின், உரிமத்தை மாற்றாமலே இவ்விடைவெளி குறையும்.