பட்டியலில் அடங்காத செவ்வியல்

2024 அக்டோபர் 3 அன்று மத்திய அமைச்சரவை மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் ஆகிய ஐந்துக்கும் செம்மொழித் தகுதி வழங்கியது. பட்டியல் பதினொன்றாயிற்று. அதற்குப் பிறகு இலக்கியக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. செவ்வியல் என்று உண்மையில் எதுவும் கிடையாது, அதிகாரம் தனக்கு வேண்டியதன் மேல் குத்துகிற முத்திரைதான் அது என்கிறார்கள். பெங்களூரில் இதைத் தமிழர்களும் சொல்கிறார்கள், கன்னடர்களும் சொல்கிறார்கள். இந்தக் கூற்று தவறு. ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சுலபமாகப் பரவுகிறது.

அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். 2004 அக்டோபரில் தமிழைச் செம்மொழியாக அறிவித்தபோது கேட்கப்பட்ட தொன்மை ஆயிரம் ஆண்டு. மறு ஆண்டு சமஸ்கிருதத்தின் முறை வந்தபோது அது ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் ஆண்டு என்று உயர்ந்தது. 2024-இல், பிற மொழியிலிருந்து கடன் வாங்காத சொந்த இலக்கிய மரபு வேண்டும் என்ற விதியே எடுக்கப்பட்டு, உரைநடை அறிவு நூல்களும் கல்வெட்டுச் சான்றுகளும் உள்ளே வந்தன. அளவுகோல் இப்படி வளைந்தால் அளக்கிறவர் மேல் சந்தேகம் வரத்தான் செய்யும். தமிழின் செம்மொழிக் கோரிக்கைக்குக் கால்டுவெல் 1856-இல் போட்ட அடித்தளம், பரிதிமாற் கலைஞரின் குரல், ஜார்ஜ் ஹார்ட்டின் 2000-ஆம் ஆண்டுக் கடிதம், 2010 கோவை மாநாடு, கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் தந்த தகுதியை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2016-இல் தள்ளுபடியான வழக்கு எல்லாம் வாசகர்கள் அறிந்தவை. மொழி அரசியலை மட்டும் வைத்துப் பார்த்தால் முத்திரைக்காரர்கள் சொல்வதே சரி என்று தோன்றும். மற்ற துறைகளுக்குள் நுழைந்தால்தான் அந்த வாதம் தடுமாறுகிறது.

பொருளியலில் ஆடம் ஸ்மித்தையும் ரிக்கார்டோவையும் செவ்வியல்காரர்கள் என்று வகைப்படுத்தியவர் அவர்களோடு மல்லுக்கு நின்ற மார்க்ஸ். கெய்ன்ஸ் 1936-இல் தாம் மறுக்க விரும்பியவர்களை எல்லாம் அந்தப் பெயருக்குள் தள்ளினார். அங்கே அது எதிராளிக்குத் தரும் மரியாதை, அவ்வளவுதான். வரலாற்றுத் துறையோ இதில் மிகவும் அசட்டையாக நடந்துகொண்டது. ஆர்.சி. மஜும்தார் பதிப்பித்த பாரதிய வித்யா பவன் வரிசையின் மூன்றாம் தொகுதி கி.பி. 320 முதல் 750 வரையான காலத்தைச் செவ்வியல் யுகம் என்று தலைப்பிலேயே அறிவிக்கிறது. குப்தர்களுக்குப் பொற்காலம், மற்றவர்களுக்கு மிச்சக் காலம். ரொமிலா தாப்பர் போன்றவர்கள் அதைக் கேள்வி கேட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் பாடப்புத்தகங்களில் அந்த நிழல் விலகவில்லை. நம் பக்கத்திலும் கைலாசபதி 1968-இல் சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதை என்று ஹோமரோடு வைத்துப் படித்துக் காட்டினார். புலவர் கையில் மெருகேறிய ஏட்டுக் கவிதை என்பதைவிடப் பாணர் வாயில் வளர்ந்த வாய்மொழி மரபு என்றார். அவர் முடிவுகளை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சென்னைச் செம்மொழி நிறுவனம் நாற்பத்தொரு பழந்தமிழ் நூல்களை எண்ணி வேலி கட்டியபோது, கைலாசபதி எழுப்பிய கேள்வி வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. அந்த வேலிக்குள் கம்பன் இல்லை, ஆழ்வார்கள் இல்லை.

இயற்பியலில் நிலைமை வேறு. அங்கே இந்தச் சொல்லுக்குத் தகுதியும் கிடையாது, பட்டமும் கிடையாது. குவாண்டம் கொள்கை வந்த பிறகு நியூட்டனின் இயக்கவியல் பொய்யாகிவிடவில்லை. அது எந்த எல்லைக்குள் மெய் என்பது தெரிந்தது, அந்த எல்லைக்குள் அதற்குச் செவ்வியல் என்று பேர். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதன் கணக்கில் பெரும்பகுதி 1687-இல் அச்சேறிய நியூட்டனின் நூலிலிருந்து வருவது. பழையது, ஆனால் தினசரி வேலைக்கு எடுப்பது. எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒளிக்காமல் சொல்லிக்கொள்வது. மொழி, வரலாறு, கலைத் துறைகள் இயற்பியலிடமிருந்து கடன் வாங்க வேண்டியது இந்த நேர்மையைத்தான்.

இதற்குப் பெங்களூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சி.வி. ராமன் 1933-இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். 1928-இல் ஒளிச்சிதறலில் அவர் கண்டது குவாண்டம் கொள்கைக்கு வலுவான சான்று, அதற்காக 1930-இல் நோபல் பரிசு. அவர் 1934-இல், தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் எழுதியவற்றுள் ஒன்று நம் தோல் வாத்தியங்களைப் பற்றியது. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு இசைந்து வராது, ஓசை வரும், சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கருஞ்சாந்தைச் சிறுகச் சிறுக இட்டுத் தேய்த்து அடுக்குவதால் அந்த முரண்பாடு தீர்கிறது. தோலின் மேல் மணலைத் தூவி, அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைந்த சுரங்களாகக் கூடிக்கொள்வதை ராமன் காட்டினார். இதற்குக் குவாண்டம் தேவைப்படவில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒலியியலே போதுமாக இருந்தது. நோபல் வாங்கியவர் பழைய இயற்பியலுக்குத் திரும்பினாரே என்று இயற்பியலாளர் யாரும் வருந்துவதில்லை. அந்தக் கரணையை இட்டவர்கள், மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பார்த்துப் பொறுக்கி வார் பிடித்தவர்கள் யார் என்று கேட்பதற்கு மட்டும் இன்னும் 86 ஆண்டுகள் ஆயின. டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ அந்தத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பெயர் சொல்லி முன்னால் நிறுத்தியது. கலைஞருக்குச் சபையில் இடம், வாத்தியம் செய்தவருக்குப் பின்வாசல் என்பதுதான் கர்நாடக இசையின் ஆறாத களங்கம்.

நாட்டியத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1932-ஐ ஒட்டிச் சென்னை மியூசிக் அகாதெமி வட்டத்தில், தேவதாசிகள் ஆடிய சதிருக்குப் பரதநாட்டியம் என்று பேர் மாற்றம், 1935-இல் ருக்மிணி தேவியின் அரங்கேற்றம், 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு கலை செவ்வியலாயிற்று, அதை உடம்பில் சுமந்து வந்த பெண்கள் அரங்கை இழந்தார்கள். முத்திரைக்காரர்களின் வலுவான சான்று இதுதான், இதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். செவ்வியலை மேல்சாதியார் செய்தார்கள், மற்றவர்கள் பறிகொடுத்தார்கள் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. பறிகொடுத்த அந்தக் குலத்திலிருந்தே செவ்வியலைத் தம் கையால் செய்த ஒருத்தியைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-இல் நஞ்சன்கூட்டில் பிறந்தார். மைசூர் அரசவையிலும் பெங்களூரிலும் பாடிப் பேர் பெற்றுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். தஞ்சை மராத்தியர் அவையில், பிரதாபசிம்மன் காலத்தில், முத்துப்பழனி என்ற தாசி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’ அவர் கையில் கிடைத்தது. அப்போது புழங்கிய பதிப்பில் முத்துப்பழனி தன் பாட்டியையும் குலத்தையும் சொல்லிக்கொள்ளும் முன்பகுதி இல்லை, சில செய்யுள்களும் இல்லை. யார் மகள் என்று ஒரு தாசி பெருமையோடு சொல்லிக்கொள்வதைப் பதிப்பாசிரியர் வேண்டாத சுமையாகக் கருதியிருக்கிறார். நாகரத்தினம்மாள் மூலப் பிரதியைத் தேடிப் பிடித்தார், ஒப்பிட்டார், வெட்டப்பட்டதைத் திரும்பச் சேர்த்தார். 1910-இல் வாவிள்ள நிறுவனம் அதை வெளியிட்டது. உ.வே.சா. சிந்தாமணிக்கும் புறநானூற்றுக்கும் செய்த அதே வேலை இது. ஒரு வேறுபாடு: அவர் மீட்ட நூல்களை ஊரே கொண்டாடியது, இவர் மீட்டதைப் போலீஸ் பறிமுதல் செய்தது.

தெலுங்கு மறுமலர்ச்சியின் பெருந்தலைவர் கந்துகூரி வீரேசலிங்கம் இந்த நூலை ஆபாசம் என்று ஒதுக்கியிருந்தார். நாகரத்தினம்மாள் தன் முன்னுரையில் அவருக்குப் பதில் சொன்னார். ஆண் புலவர்கள் பாடிய சிருங்காரத்தைப் பாடமாக வைக்கிறவர்கள், பெண் பாடினால் மட்டும் முகம் சுளிப்பதேன் என்பது அவர் கேள்வியின் சாரம். அரசு தடை விதித்தது. டி. பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்த 1946-47 காலத்தில்தான் தடை நீங்கியது. அதுவரை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அதிகாரம் இந்த நூலுக்கு எதிராகவே நின்றது. செவ்வியல் என்பது அதிகாரத்தின் கொடை என்றால், அதிகாரம் தடை செய்த இந்த நூல் எப்படிச் செவ்வியலாக இன்று நம் முன் இருக்கிறது?

அதே பெண்தான் திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடக்கிறது என்று மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதத்தைப் படித்து அங்கே போனார். 1921-இல் அடிக்கல், 1926-இல் கும்பாபிஷேகம். நகைகளையும் சொத்தையும் விற்றுக் கோயிலைக் கட்டினார். கட்டியவரும் அவர் குலத்துப் பெண்களும் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் பாடக் கூடாது என்றார்கள், அதை நடத்திய ஆண்களின் பெரிய கட்சியும் சின்னக் கட்சியும். நாகரத்தினம்மாள் பெண்கள் கட்சி ஒன்றைக் கூட்டிச் சமாதியின் பின்புறத்தில் பாட வைத்தார். 1940 வாக்கில் மூன்றும் ஒன்றாயின. 1952-இல் மறைந்தபோது அவருடைய சமாதியும் அங்கேயே அமைந்தது. கர்நாடக இசை இன்று தன் புனிதத் தலமாகக் கும்பிடும் இடம் ஒரு தாசியின் கைக்காசு.

இவ்வளவு செய்தவரை ஒவ்வொரு துறையும் ஒரு துண்டாக அறுத்து எடுத்துக்கொண்டது. இசைக்காரர்களுக்கு அவர் பக்தை. தெலுங்குப் பெண்ணியத்துக்குப் பதிப்பாளர். கன்னடத்தில் அவர் பேருக்கு முன்னால் இருக்கும் ஊர்ப் பேர். தமிழ் இலக்கிய ஆய்வுக்கு அவர் யாருமே இல்லை, ஏனென்றால் அவர் பதிப்பித்தது தெலுங்கு. அவர் பிறந்த மண் கன்னடம், பதிப்பித்த நூல் தஞ்சையில் பிறந்த தெலுங்கு, கோயில் எழுப்பியது காவிரிக் கரையில். மொழிவாரியாகச் செவ்வியலைப் பங்கு போட்டால் இவர் எந்தப் பங்கிலும் வர மாட்டார். செவ்வியல் என்பது ஒரு நூலை மீட்பது, வெட்டியதைச் சேர்ப்பது, பாட இடம் கேட்டுப் போராடுவது, அதைத் தலைமுறை தோறும் திரும்பச் செய்வது என்று கொண்டால், இருபதாம் நூற்றாண்டின் தென்னிந்தியாவில் உ.வே.சா.வுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியவர் இவர்.

இந்த வாதத்தை நான் பெங்களூர் சிவாஜிநகரில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்த பின் வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தமிழர்களும், தக்கினி பேசும் முஸ்லிம்களும் சேர்ந்து உருவாக்கிய பேட்டை இது. இங்கே தர்மராஜா கோயில் தெரு இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள திரௌபதி வழிபாட்டோடு வட ஆர்க்காட்டில் வழங்கும் பாரதப் பிரசங்கத்துக்கு ஆதாரம் வில்லிபுத்தூரார், செம்மொழி நிறுவனத்தின் நாற்பத்தொரு நூல்களில் அவருக்கு இடமில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் கேட்கும் தக்கினி, வட இந்திய உருதுக் கவிதைக்கு முந்திய இலக்கிய மொழி. கர்நாடகத்து பீஜப்பூரில் இரண்டாம் இப்ராஹிம் அடில்ஷா அதில் எழுதிய ‘கிதாப்-இ-நவ்ரஸ்’ ராகங்களுக்கு அமைந்த பாடல் தொகுப்பு, சரஸ்வதி துதியோடு தொடங்குவது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு விதி அதன் வாசலை அடைத்துவிடுகிறது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 ஆகஸ்ட் 9 வரை மூடியே கிடந்தது. கன்னடம் செம்மொழியாகி ஓர் ஆண்டுகூட நிறையாத நேரத்தில் அது திறக்கப்பட்டது. கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் நான்கு நாள் கழித்துத் திறக்கப்பட்டது. சிலைகளைப் பரிமாறிக்கொண்டோம். அதோடு நின்றுவிட்டோம்.

அல்சூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொம்மலூர் சொக்கநாதர் கோயில். அதன் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஊரை தேசிமாணிக்கப்பட்டணம் என்று அழைக்கின்றன. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பி.எல். ரைஸ் 1905-இல் ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் பெங்களூர், கோலார் தொகுதிகளில் இந்த வட்டாரத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை நிறைய அச்சிட்டார். சங்க நூல்களைத் தேடுகிறவர்களுக்கு இவை பிந்தியவை, கன்னடத் தொன்மையைத் தேடுகிறவர்களுக்கு இவை வேற்று மொழி. மைசூரில் கன்னடச் செம்மொழி மையம் இருக்கிறது, சென்னையில் தமிழுக்கு நிறுவனம் இருக்கிறது, இரண்டும் ஒரே கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. ஒரு தமிழ்க் கல்வெட்டறிஞரும் ஒரு கன்னடக் கல்வெட்டறிஞரும் சேர்ந்து உட்கார்ந்து, சுவரில் எஞ்சியிருப்பதை ரைஸின் பாடத்தோடு ஒப்பிட்டு, புதிதாகப் படி எடுத்து, இரு மொழி உரையோடு ஒரே தொகுதியாக வெளியிட வேண்டும். வெள்ளையடிப்பும் புதுப் பளிங்கும் இன்னும் சில எழுத்துகளை விழுங்குவதற்கு முன், அடுத்த மாநாட்டுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை இந்த வேலைக்குத் தர வேண்டும்.