உள்நாட்டுச் சட்டமும் உலக அவை வாக்கும்

ஒரு நாடு உலக அவையில் அளிக்கும் வாக்கு அந்நாட்டுச் சட்டத்தின் எதிரொலியே என்பாருளர். அக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை, மரணதண்டனை குறித்த ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வாக்கெடுப்புக்களைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரணதண்டனையை நிறைவேற்றாது நிறுத்திவைக்குமாறு கோரும் தீர்மானம் 2007ஆம் ஆண்டில் 104 வாக்குகளால் நிறைவேறியது. 54 நாடுகள் எதிர்த்தன. 29 நாடுகள் நடுநிலை வகித்தன. இந்தியா எதிர்த்தது. தன் சட்டம் அத்தண்டனையை ஏற்கின்றது என்பதும், தத்தம் சட்டமுறையை வகுத்தல் நாடுகளின் இறைமைக்குரியது என்பதும் அது காட்டிய காரணங்கள். அரிதினும் அரிதான வழக்குகளில் அத்தண்டனை விதிக்கலாமென இந்திய உச்ச நீதிமன்றம் 1980இல் பச்சன்சிங் வழக்கிலே தீர்த்திருந்தது. ஆங்குச் சட்டமும் வாக்கும் ஒருவழிச் சென்றன.

இலங்கையின் நிலை வேறு. கொலைக்கு மரணதண்டனை விதிக்கும் தண்டனைச் சட்டக்கோவை நிலைபெற்றுள்ளது. நீதிமன்றங்களும் அதனை விதித்து வருகின்றன. ஆயினும் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்பட்டிலர். 2007இலும் 2018இலும் இலங்கை அத்தீர்மானத்தை ஆதரித்தமைக்கு இந்நடைமுறையே இடந்தந்தது. எனவே, வாக்கைச் சட்டநூல் மட்டும் உருவாக்குவதில்லை. சட்டம் வழங்கும் முறையும் உருவாக்குகின்றது எனலாம்.

ஆனால் நடைமுறை உறுதியற்றது. 2018 டிசம்பரில் உலக அவையில் ஆதரவு நல்கிய நாட்டிலே, 2019 ஜூனில் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி சிறிசேன ஒப்பமிட்டார். உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையே அதனைத் தடுத்தது. பொதுச்சபைத் தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்தாது. ஆதலின் அளித்த வாக்கு அந்நால்வர்க்கும் அரணாகவில்லை.

சட்டமும் மாறத்தக்கதன்றோ எனின், உண்மையே. 1958இல் சட்டத்தால் இடைநிறுத்தப்பட்ட மரணதண்டனை, 1959இல் பிரதமர் பண்டாரநாயக்கா கொலையுண்டபின் மீண்டது. எனினும் சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் கூடி வழக்காட வேண்டும். நடைமுறையை மாற்ற ஒரு கையொப்பம் போதும்.

கொடியோரை வேந்தன் ஒறுத்தலைக் களை பிடுங்குதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அக்கருத்தை இன்று ஏற்பதா, விடுப்பதா என்பதை நாம் நம் மன்றத்திலேயே தீர்த்தல் வேண்டும். தீவகத்துச் சரவணையில் வாழ்வோன் நியூயோர்க்கில் உயரும் கையின்கீழ் வாழவில்லை. கொழும்பில் இயற்றப்பெறும் சட்டத்தின்கீழேயே வாழ்கின்றான். வெளியில் அளித்த வாக்கை உள்ளே சட்டமாக்குதலே வாய்மையுடைய அரசின் கடன்.