‘பொதுத் தேவை’ என்னும் சொல்

எழுவான்கரையையும் படுவான்கரையையும் மண்முனையில் இணைக்கும் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வாவியைக் கடக்க ‘பாதை’யை எதிர்பார்த்துத் துறையில் காத்துநின்ற மக்களை நாம் மறக்கவில்லை. எனவே பாலமும் வீதியும் வேண்டாமென்பது நமது வாதமன்று. அவற்றுக்கென நிலம் எடுக்கும் சட்டத்தின் மொழியே நமது விமர்சனத்துக்கு உரியது.

1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில், பொதுத் தேவையைத் தீர்மானிப்பவர் அமைச்சர். அச்சொல்லின் மறைவில் எதுவும் நிகழலாம். பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட பத்தரமுல்லைக் காணி ‘கோல்ப்’ மைதானமானதை உயர் நீதிமன்றமே 2008 இல் கண்டித்தது.

நட்டஈடு பெறுவோர் யார்? காணியில் உரித்துடையோர். மாத வாடகைக் குடியிருப்பாளரைச் சட்டம் வெளிப்படையாகவே விலக்குகிறது. அப்படியாயின், உறுதியின்றி வாவிக் கரையில் வலை உலர்த்தி வாழும் மீனவன் எந்த ஏட்டில் இடம்பெறுவான்? உறுதியற்றோரையும் கணக்கிலெடுக்கும் தேசியக் கொள்கை 2001 இல் வகுக்கப்பட்டது. ஆனால் கொள்கை சட்டமாகாது.

கவிதையில் ஒரு சொல்லின் பொருளைத் துருவும் ஆசிரியரும் மாணவரும் இச்சொல்லையும் துருவ வேண்டும். பயன் பொதுவாயின், இழப்பை ஏழை மாத்திரம் சுமப்பது நீதியாகாது.