சோகமும் சமுதாய நோக்கும்

சோகத்தைப் பாடுவது பிற்போக்கா? கதையிலோ கவிதையிலோ துயரம் மேலோங்கிவிட்டால், 'நம்பிக்கை வரட்சி' என்று முத்திரை குத்திவிட்டு அப்பாற் செல்வது நம்மவர் சிலரின் வழக்கம். அவ்வழக்கத்தை மீளாய்வு செய்யத் தூண்டும் இசைத்தட்டு ஒன்றுண்டு. எவ்கெனி ம்ராவின்ஸ்கியின் நெறியாள்கையில் லெனின்கிராட் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழு 1960இல் வியன்னாவிற் பதிவு செய்த, சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியே அது.

1893 ஒக்டோபர் 28இல் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் இதனை அரங்கேற்றிய சைக்கோவ்ஸ்கி, ஒன்பது நாட்களில் மறைந்தார். அதனால் இதனை மரண சாசனமாகக் கருதிக் கண்ணீர் உகுப்போர் பலர். அக்கண்ணீருக்கு இடங்கொடுத்து, இனிய மெட்டு வருமிடமெல்லாம் நடையைத் தளர்த்தும் நெறியாளரும் உளர். ம்ராவின்ஸ்கி அவ்வாறு குழைவதில்லை. முதற் பகுதியின் நடுவே மெட்டுத் தேய்ந்து தேய்ந்து செவிக்கு எட்டாத எல்லையை அடைகையில், முழுக்குழுவும் இடியென மோதுகிறது. அழவிருந்த நாம் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறோம். பித்தளைக் குழல்களின் முரட்டொலி சில இடங்களிற் செவியை உறுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் அம்முரடு இவ்விசைக்கு அந்நியமானதன்று.

மூன்றாம் பகுதி வீறுநடை. அதன் வெற்றி முழக்கத்தோடு எல்லாம் முடிந்ததென எண்ணிச் சபையோர் கைதட்டிவிடுவதுண்டு. நம் விமர்சகர் சிலரும் அவ்விடத்திலேயே எழுந்து போய்விடுவர். சைக்கோவ்ஸ்கியோ அங்கு நிறுத்தவில்லை. வெற்றிக்குப் பின்னும் இழப்பு உண்டென்பதை அவர் அறிவார்.

இறுதிப் பகுதியின் தொடக்க மெட்டை எந்த வயலினும் தனித்து வாசிப்பதில்லை. முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் அதனைச் சுரம் சுரமாக மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவ்விரு அணிகளையும் மேடையில் எதிரெதிரே அமர்த்துவது ம்ராவின்ஸ்கியின் முறை. ஆதலின், ஸ்டீரியோப் பதிவில் இரு புறமிருந்தும் வரும் துணுக்குகள் நம் செவியிலேயே கூடி மெட்டாகின்றன. தனிமனிதப் புலம்பலென்று இகழப்பட்ட இசை, பலர் கூடினாலன்றிப் பிறவாது!

போரின்போது 1941இல் நோவோசிபிர்ஸ்க்குக்கு இடம்பெயர்ந்து, 1944இல் ஊர் திரும்பிய குழு இது. இழப்பு இவர்களுக்குப் புதிதன்று. துயரத்தை மறைத்து வளர்க்கும் நம்பிக்கை முதற் காற்றிலேயே அணைந்துவிடும். துயரத்தைப் பலரும் சேர்ந்து சுமக்கத்தக்கதாக ஆக்கித் தரும் கலையைப் பிற்போக்கென்று தள்ளுவோமாயின், இழப்பு நமக்கு நேரும் நாளில் எதைப் பற்றி நிற்போம்?